நாலெல்லை

"எங்கயும் ஓட வேண்டாம்மா. இந்த ரெண்டு நாளும் சும்மா நடப்போம். பசிச்சா சாப்பிடுவோம், கால் வலிச்சா உக்காருவோம்" என்று ரயிலில் ஏறும்போதே மகள் சொல்லிவிட்டாள்.

2018 ஏப்ரல். அவள் வேலை பார்த்தது நெதர்லாந்தின் ஐந்தோவனில். நான் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் முதல்முறை அவளிடம் போயிருந்தேன். அதற்கு முந்தைய வாரக்கடைசிகளில் ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ் என்று ஓடி ஓடிப் பார்த்ததில் எந்த மணிக்கூண்டு எந்த ஊரில் என்பதே மனதில் கலந்து போயிருந்தது. ஊருக்குத் திரும்புமுன் மிச்சமிருந்த ஒரு சனி ஞாயிறுக்கு எங்கே போகலாம் என்று கேட்டாள். லெய்டன் என்றேன்.

"அங்க என்னம்மா இருக்கு?"

"நம்ம ஊர்ப் பத்திரம் இருக்கு."

பத்திரம் என்ற சொல் என்னுடையதல்ல, அப்பாவுடையது. அப்பா நாகப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் கர்ணமாக, அதாவது ஊர்க் கணக்கராக இருந்தார். பள்ளிப் பாடப்புத்தகத்தில் "லெய்டன் செப்பேடுகள்" என்று நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் அடங்கல் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "காயிதம் எங்க கெடக்குதோ அந்த ஊர்ப் பேரையா பத்திரத்துக்கு வைப்பாங்க? நெலம் எங்க இருக்கோ அந்தப் பேரு. ஆனைமங்கலம் செப்பேடுன்னு படி" என்றார். அன்றிலிருந்து எனக்கு அது ஆனைமங்கலம் செப்பேடுதான். வகுப்பில் முப்பது வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையில் லெய்டன் என்று எழுதினால்தான் மார்க் என்பதால் அதையும் பக்கத்தில் எழுதச் சொல்வேன்.

லெய்டன் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து ஐந்து நிமிஷம் நடந்தால் தண்ணீர் வந்துவிடுகிறது. பிறகு ஊர் முழுக்கத் தண்ணீர்தான். ரைன் ஆறு பழைய ரைன், புதிய ரைன் என்று இரண்டு கிளையாக ஊருக்குள் வந்து நடுவில் கூடுகிறது. அவற்றிலிருந்து பிரிந்தும் சேர்ந்தும் கால்வாய்கள். கால்வாய்க் கரையில் செங்கல் வீடுகள், வாசலில் சைக்கிள், சன்னலில் பூந்தொட்டி. தண்ணீர் கறுத்துக் கிடந்ததே தவிர நாற்றமில்லை. வாய்க்கால் வரப்பில் வளர்ந்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது கரையின் உயரந்தான். வீட்டு வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் ஆள் உயரம்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வீடு கட்டினால் ஐப்பசி அடைமழை ஒன்று போதும்.

அன்று சனிக்கிழமை. புதிய ரைன் கரையில் வாரச்சந்தை. பாலாடைக்கட்டி வட்டு வட்டாக அடுக்கியிருந்தது. மீன்கடையில் ஹெரிங் மீனைப் பச்சையாகவே உப்பில் பதப்படுத்தி, நறுக்கிய வெங்காயம் தூவிக் கொடுக்கிறார்கள். ஒரு பெரியவர் வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து, இரண்டு வாயில் முடித்தார். நான் கடற்கரைக்காரி என்றாலும் பச்சை மீனுக்கு மனசு வரவில்லை. பக்கத்துக் கடைக்கு நகர்ந்தோம். அங்கே ஸ்ட்ரோப்வாஃபல். எலுமிச்சை அளவு மாவு உருண்டையை வரிவரியாக அச்சு வெட்டிய இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறாள் ஒரு பெண். ஒரு நிமிஷம். எடுத்து, சூடு ஆறுமுன் மெல்லிய கத்தியால் குறுக்கே இரண்டு தகடாக வகிர்ந்து, உள்ளே பாகைத் தடவி மூடுகிறாள். தோசையை இரண்டாகப் பிரித்தெடுப்பது மாதிரி அத்தனை மெல்லிசு. கத்தி வழுக்கினால் போயிற்று, ஆனால் வழுக்கவில்லை. கடித்ததும் பாகு வழிந்து முழங்கை வரை வந்துவிட்டது. பட்டை வாசனை.

சந்தைக்கு நடுவே கோர்ன்புருக் என்று ஒரு பாலம். தானியப் பாலம் என்று பொருள். கல்தூண் நிறுத்திக் கூரை போட்டிருக்கிறார்கள். 1825-இல் போட்ட கூரை. தானியம் விற்ற இடம் அது. மூட்டை நனையக்கூடாது, வியாபாரியும் நனையக்கூடாது என்று பாலத்துக்கே கூரை. அதன் நிழலில் நின்று பாகுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செப்பேட்டின் கணக்கு ஞாபகம் வந்தது. ஆனைமங்கலத்து நிலம் 97 வேலிச் சொச்சம். அதன் காணிக்கடன், அதாவது நிலவரி, ஆண்டுக்கு 8,943 கலம் நெல்லும் சில்லறையும். அந்தச் சில்லறையைத் தூணி, குறுணி, நாழி என்று கடைசிப் படி வரைக்கும் செம்பில் வெட்டியிருக்கிறார்கள். "ராஜா ஒரு நாழி நெல்லுக்குக் கணக்கு வச்சிருக்கான் பாரு" என்று அப்பா சொல்லும்போது அவர் குரலில் பெருமை தெரியும். ராஜராஜ சோழனின் பெருமை அல்ல அது, ராஜராஜனின் கணக்கனுடைய பெருமை.

பத்திரம் என்ன சொல்கிறது என்று மகளுக்குப் பாலத்தில் வைத்தே சொன்னேன். ஸ்ரீவிஜயத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பன் சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுத்தான். நாம் சூடாமணி விகாரம் என்கிறோமே, பொன்னியின் செல்வனில் அருள்மொழிவர்மர் காய்ச்சலோடு போய்த் தங்குகிற இடம், அது. சைவனான ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், ஆனைமங்கலத்தின் வருவாயை அந்த விகாரத்துக்கு எழுதிவைத்தான். மகன் ராஜேந்திரன் அதைச் செம்பில் வெட்டி நிலைப்படுத்தினான். 21 ஏடுகள். 5 சமஸ்கிருதம், 16 தமிழ். எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்து, ராஜேந்திரனின் முத்திரை. மொத்தம் 30 கிலோ இருக்கும். 1658-இல் நாகையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் 1781 வரை வைத்திருந்தார்கள். அவர்கள் காலத்தில் கடல் தாண்டிய ஏடுகள், ஹமாக்கர் என்ற பேராசிரியரின் வாரிசுகள் கையிலிருந்து 1862-இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன.

"அப்ப வா, பார்த்துடலாம்" என்றாள். அங்கேதான் நான் ஏமாந்தேன். அவை கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்தவை அல்ல. பல்கலைக்கழக நூலகத்தின் காப்பறையில் அப்போது இருந்தவை. முன்கூட்டி எழுதிக் கேட்டு, வேலைநாளில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. திங்கள்கிழமை அவளுக்கு அலுவலகம், செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். நூலகம் இருக்கும் விட்டெ சிங்கல் கால்வாய் வரை போனோம். ஊரைச் சுற்றி ஓடிய பழைய அகழி அது. இந்தக் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கரையைப் பார்த்தோம். ஒரு தாய் வாத்து குஞ்சுகளோடு குறுக்கே போனது. மகளுக்குத்தான் வருத்தம். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா, நான் மெயில் போட்டிருப்பேன்ல" என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் யாரோ உள்ளே தூங்குகிறார்கள், வாசலில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மாதிரி இருந்தது.

சாயங்காலம் ராப்பன்பர்க் கால்வாய் ஓரம் நடந்தோம். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம், 1590-இல் தொடங்கிய தாவரத் தோட்டம் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஹாலந்தில் டியூலிப் என்றால் நமக்கு வயல் வயலாக ஞாபகம் வரும். கார்லஸ் க்ளூசியஸ் என்ற தாவர அறிஞர் 1590-களில் இந்தச் சின்னத் தோட்டத்தில் நட்டு மலரவைத்த கிழங்குகளிலிருந்து தொடங்கிய கதை அது. இலங்கையில் டச்சுக் கம்பெனி மருத்துவராக இருந்து செடிகளை உலர்த்திச் சேர்த்த பால் ஹெர்மன் பிறகு இதே தோட்டத்தைக் கவனித்தார். அந்த உலர்ந்த செடிகளை வைத்துத்தான் லின்னேயஸ் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை 1747-இல் எழுதினார். கண்ணாடிக் கூடத்துக்குள் போனதும் மூக்குக்கண்ணாடி ஆவியேறிவிட்டது. உள்ளே நாகப்பட்டினத்து வெக்கை.

இந்த ஊரில் சுவரெல்லாம் கவிதை. 1992-இல் மரினா ஸ்வெதாயெவாவின் ரஷ்யக் கவிதை ஒன்றை ரஷ்ய எழுத்திலேயே ஒரு வீட்டுச் சுவரில் தீட்டத் தொடங்கி, 2005-க்குள் 101 கவிதைகள் ஆகிவிட்டன. ஜப்பானிய எழுத்தில் பாஷோ, ஆங்கிலத்தில் ஷேக்ஸ்பியர், இந்தோனேசியக் கவிஞர் கைரில் அன்வர். அவரவர் மொழியில், அவரவர் எழுத்தில். இன்னொரு சுவரில் ஐன்ஸ்டைனின் சமன்பாடு. கீழே குப்பைத்தொட்டி, சாய்த்துவைத்த சைக்கிள், மேலே கவிதை. யாரும் நின்று கும்பிடுவதில்லை, யாரும் சுவரொட்டி ஒட்டிக் கெடுப்பதுமில்லை. நாங்கள் நடந்த தெருக்களில் தமிழ் எழுத்து கண்ணில் படவில்லை. ஆனால் இதே ஊரின் காப்பறை ஒன்றில் 16 ஏடு நிறையத் தமிழ் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி அறையில் படுத்தபோது பக்கத்துத் தேவாலயத்து மணி அடித்தது. பத்து. எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே படுத்துக் கிடந்தது. இரண்டு ரைனும் கூடும் இடத்தில் ஒரு மண்மேடு. வெள்ளத்துக்கும் எதிரிக்கும் தப்ப 11-ஆம் நூற்றாண்டில் மண்ணைக் கொட்டி எழுப்பியது. மேலே வட்டமாக ஒரு மதில். அதற்குள் இப்போது புல்லும் இரண்டு மரமும்தான். புர்ஹ்ட் என்கிறார்கள், கோட்டை என்று அர்த்தம். இங்கே மண் சுமந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில்தான் அங்கே செம்பில் உளி ஓடியிருக்கிறது. மதில்மேல் நடைபாதை. வட்டமாக நடந்தால் ஊரின் நாலு பக்கமும் தெரிகிறது. கிழக்கே, தெற்கே, மேற்கே, வடக்கே என்று என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

"என்னம்மா பண்றே?"

"நாலெல்லை சொல்றேன்."

சோழர் காலத்தில் ஒரு கிராமத்தைத் தானம் கொடுத்தால் ஒரு பெண்யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவருவார்கள். பிடி சூழ்தல் என்று பெயர். கூடவே ஊரார், அதிகாரிகள், கணக்கர். யானை போன வழியில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். பிறகு எழுத்தர் உட்கார்ந்து எழுதுவார்: கீழெல்லை இந்த வாய்க்காலுக்கு மேற்கு, தென்னெல்லை இந்த ஊர் வயலுக்கு வடக்கு என்று. அந்த 16 தமிழ் ஏடுகளின் பெரும்பகுதி அரசன் புகழ் அல்ல. எல்லையும், நிலத்தின் கணக்கும், கூட இருந்து கையெழுத்திட்டவர்களும்தான். யானை ஏன் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். அப்பாவிடம் கேட்டேன். "மனுஷன் அவசரத்துல குறுக்கால வெட்டுவான். யானை நிதானமாப் போகும். கூடப் போறவனும் நிதானமாப் போயாவணும்" என்றார். சாஸ்திரம் அதைத்தான் சொல்கிறதா என்று எனக்குத் தெரியாது. அப்பா முப்பது வருஷம் சங்கிலி பிடித்து வயலில் நடந்தவர், அவர் சொன்னதை நான் நம்பினேன். 1980-இல் கர்ணம் வேலையே ஒழிக்கப்பட்ட பிறகும், சாயங்காலமானால் சட்டையை மாட்டிக்கொண்டு ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

மதிலிலிருந்து தெற்கே பார்த்தால் மரக்கூட்டமாக ஒரு பூங்கா தெரியும். அந்தப் பூங்கா அங்கே வந்த விதத்தை நான் சொல்லியாக வேண்டும். 1807 ஜனவரி 12 அன்று கால்வாயில் நின்ற ஒரு வெடிமருந்துப் படகு வெடித்தது. 150 பேருக்கு மேல் செத்தார்கள். வீடுகள் தரைமட்டம். நெடுங்காலம் அந்த இடத்துக்கு இடிபாடு என்றே பெயர். பிறகு கால்வாயின் ஒரு பக்கத்தில் பூங்கா, மறுபக்கத்தில் ஆய்வுக்கூடம். அந்தக் கூடத்தில்தான் 1908-இல் காமர்லிங் ஓனஸ் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினார். பூங்காவில் ஒரு சிலை நிற்கிறது, வான் டெர் வெர்ஃப். முற்றுகைக் காலத்து நகரத் தலைவர். பசி தாங்காமல் சரணடையச் சொல்லி வந்த மக்களிடம், என் கையை வெட்டித் தின்னுங்கள், கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதாகக் கதை.

அந்த முற்றுகைதான் இந்த ஊரின் உயிர்க்கதை. 1574. ஸ்பானியப் படை மாதக்கணக்கில் ஊரை வளைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே பசியும் கொள்ளைநோயும். மூன்றில் ஒருவர் செத்துப்போனார்கள். வெளியே இருந்த ஆரஞ்சு இளவரசர் வில்லியம் ஒரு முடிவெடுத்தார்: கடல் உள்ளே வராமல் காத்துக்கொண்டிருந்த கரைகளை நாமே வெட்டிவிடுவோம். வெட்டினார்கள். வயலெல்லாம் தண்ணீர். ஆனாலும் படகு மிதக்க ஆழம் போதவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அக்டோபர் முதல் நாட்களில் புயல் அடித்தது. காற்று கடலை உள்ளே தள்ளியது. தட்டையடிப் படகுகள் வயல்மேல் மிதந்து ஊரை நோக்கி வந்தன. ஸ்பானியர் இரவோடு இரவாக ஓடினார்கள். அக்டோபர் 3 காலையில் படகுக்காரர்கள் ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். காலியான பாசறையில் ஒரு பையன் ஒரு பானை காய்கறிக் கூட்டைக் கண்டெடுத்ததாகச் சொல்கிறார்கள். இன்றும் அக்டோபர் 3 வந்தால் ஊரில் மீனும் ரொட்டியும் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வீடு காரட், வெங்காயம், உருளைக்கிழங்கு மசித்து ஹுட்ஸ்பாட் செய்கிறார்கள். அடுத்த வருஷமே, 1575-இல், தாக்குப்பிடித்ததற்குப் பரிசாக இந்த ஊருக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது.

இதை மகள் தன் போனில் பார்த்து எனக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடல் வந்தது, ஊர் பிழைத்தது என்ற இடத்தில் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் நாகப்பட்டினத்துக்காரர்கள்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-உம் ஞாயிற்றுக்கிழமைதான். எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை என்று என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் ஊர்ப் பெயர்கள் உலகச் செய்தியாயின. பள்ளி மறுபடி திறந்த அன்று வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடத் தொடங்கினேன். நாலாவது பெயரில் நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க நான் பெயர் கூப்பிடவில்லை. முகத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். வயல்களில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அப்பா அப்போது உயிரோடிருந்தார். வரப்பு கரைந்து போன ஒரு வயலின் ஓரத்தில் நின்று, "எல்லை தெரியலியே" என்று மட்டும் சொன்னார்.

லெய்டன்காரர்களுக்குக் கடல் உள்ளே வந்தது விடுதலை. எங்களுக்குக் கடல் வந்தது என்ற சொல்லே ஆகாது. அந்த மதிலில் நின்று இதை நினைத்தபோது எனக்குப் பொறாமையோ கோபமோ வரவில்லை. ஒரு பானைக் கூட்டை நானூறு வருஷமாக மறக்காமல் கிளறுகிறார்களே என்பதுதான் நெஞ்சை அடைத்தது.

மதியம் பீட்டர்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாயிலுக்குள் நுழைந்தோம். ஹோஃப்யெ என்கிறார்கள். நடுவில் தோட்டம், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள். வயதானவர்களுக்கும் ஏழைகளுக்கும் செல்வர்கள் கட்டிவைத்த தர்ம வீடுகள். இந்த ஊரில் மட்டும் இப்படி 35. நாங்கள் போனது 1683-இல் கட்டியது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய யாத்ரீகர்களின் போதகர் ஜான் ராபின்சன் அதற்கு முன் வாழ்ந்த இடம். உள்ளே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், அதனால் மெல்லப் பேச வேண்டும். ஒரு பாட்டி சன்னல் திரையை விலக்கி எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன். தேவாலயத்தின் தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். எங்கள் ஊரில் டச்சுக்காரர் கல்லறைகளில் பார்த்த அதே எழுத்து. அங்கே அவற்றின்மேல் ஆடு மேயும், நாங்கள் ஏறி விளையாடுவோம்.

எங்கள் விகாரம் என்ன ஆயிற்று என்று ரயிலுக்குத் திரும்பும் வழியில் மகள் கேட்டாள். அதன் மிச்சம் என்று சொல்லப்பட்ட செங்கல் கோபுரம் ஒன்று கடற்கரைப் பக்கம் நெடுங்காலம் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள். கப்பல்காரர்களுக்கு அடையாளம். 1846-இல் வால்டர் எலியட் பார்த்து எழுதிவைத்தபோது மூன்று நிலை இருந்தது. 1867-இல் சேசு சபையினர் அரசாங்க அனுமதி வாங்கி அதை இடித்தார்கள். பத்திரம் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்து ஐந்தே வருஷத்தில், பத்திரம் எந்த விகாரத்துக்காக எழுதப்பட்டதோ அதன் மிச்சம் என்றிருந்ததும் நாகையில் இல்லாமல் போனது.

"அப்ப நெலம்?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒருநாள்கூட ஆனைமங்கலத்துக்குப் போனதில்லை. எங்கள் வீட்டிலிருந்து அது ஒருவேளைப் பயணம்கூட இல்லை.

ஊர் திரும்பிய அடுத்த மாதம் போனேன். கோடை. வயல் வெடித்துக் கிடந்தது, வாய்க்காலில் தண்ணீர் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். ஒரு பெரியவர் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். யாரையும் இல்லை, ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தேன் என்றேன். மோர் கொண்டுவரச் சொன்னார். இந்த ஊர்ப் பேரில் ஒரு செப்பேடு இருக்கிறது என்று சொன்னேன், 97 வேலி, 8,943 கலம் என்று சொன்னேன். கலம் கணக்கைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. விரல் விட்டு எண்ணி, வேலிக்குத் தொண்ணூறு கலத்துக்கு மேல் வருதே, நல்ல நிலந்தான் என்றார்.

அடுத்த முறை நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ வருகிறவர்கள் ஒரு அரைநாள் ஒதுக்குங்கள். நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போகும் வழியில் கீழ்வேளூரில் இறங்கி ஆனைமங்கலம் என்று கேட்டால் சொல்வார்கள். காலையிலேயே போங்கள், வெயில் ஏறுமுன் ஒரு சுற்று நடந்துவிடலாம்.